ஆங்கில இறந்தகாலம்: தமிழில் இருந்து தொடங்குவோம்

(வத்திராயிருப்பு வட்டாரத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஆங்கிலச் சொற்களும் வாக்கியங்களும் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் இன்று ஒரே அறையில் அமர்ந்திருக்கிறோம். நான் எடுத்துக்கொண்ட தலைப்புக்கு இது மிகவும் பொருத்தம். ஏனென்றால் 'பாஸ்ட் டென்ஸ்' என்ற பாடம் நான்காம் வகுப்பில் தொடங்கி பத்தாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறோம். ஆனாலும் பத்தாம் வகுப்பு விடைத்தாளில் அதே பிழைகள் இருக்கின்றன.

நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன். இவை உங்கள் பள்ளி நோட்டுகளிலும் இருக்கும்.

ஒன்று: 'ஐ டிட் நாட் வென்ட் டு ஸ்கூல்.'

இரண்டு: 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு ராஜபாளையம்.'

மூன்று: 'ஐ ஹேவ் சீன் அன் எலிஃபன்ட் லாஸ்ட் வீக்.'

நான்கு: 'வென் ஐ வாஸ் ஸ்மால், ஐ வில் கோ டு தி டேம் எவ்ரி சண்டே.'

இந்த நான்கையும் எழுதிய பிள்ளைகளை எழுப்பி 'கோ' என்ற சொல்லின் மூன்று வடிவங்களைக் கேளுங்கள். 'கோ, வென்ட், கான்' என்று தயங்காமல் சொல்வார்கள். 'சீ, சா, சீன்' என்பதும் மனப்பாடமாக இருக்கும். அட்டவணை தெரிகிறது, வாக்கியம் மட்டும் தவறுகிறது. அப்படியென்றால் அட்டவணையை இன்னொரு முறை எழுதிவரச் சொல்வதால் என்ன மாறப்போகிறது?

நான் இன்று சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். இந்த நான்கு பிழைகளில் எதுவும் கவனக்குறைவால் வந்ததில்லை. மாணவர் மனதில் ஒரு நல்ல தமிழ் வாக்கியம் இருக்கிறது. அதை அவர் சொல்லுக்குச் சொல் உண்மையாக ஆங்கிலத்தில் வைக்கிறார். தமிழ் இறந்தகாலத்தைப் பிரித்துப் பார்க்கும் விதமும் ஆங்கிலம் பிரித்துப் பார்க்கும் விதமும் சில இடங்களில் ஒன்றாக இருக்கின்றன, சில இடங்களில் விலகுகின்றன. எங்கே ஒன்று, எங்கே விலகல் என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். பிழையைச் சுழித்துவிட்டுப் போகாமல், பிழை பிறந்த இடத்துக்கே போய்த் திருத்தலாம்.

பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த இறந்தகாலம்

'இங்கிலீஷ்ல ஒரு ஒழுங்கே இல்லை டீச்சர். வாக் என்றால் வாக்ட், கோ என்றால் வென்ட்' என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அப்போது அவர்களிடம் தமிழ் வினைகளைச் சொல்லச் சொல்லுங்கள். செய், செய்தான். உண், உண்டான். கேள், கேட்டான். தின், தின்றான். விற்பவன் விற்றான். ஓடு, ஓடினான். போ, போனான். வா, வந்தான். இதில் எந்த ஒழுங்கை வைத்து நாம் பேசக் கற்றுக்கொண்டோம்?

இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளாக த், ட், ற், இன் ஆகியவற்றை நன்னூல் சொல்கிறது. இதைத் தமிழாசிரியர் பகுபத உறுப்பிலக்கணத்தில் நடத்துகிறார். எந்த வினைக்கு எந்த இடைநிலை வரும் என்பதை மட்டும் யாரும் நமக்கு அட்டவணை போட்டுக் கற்றுத் தரவில்லை. காதில் விழுந்து விழுந்து படிந்தது. தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்குத்தான் இது பெரும்பாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ஓர் எண் கொடுத்து, அது எந்த வகையில் உருமாறும் என்று காட்டுவது அதனால்தான்.

ஆக, நம் பிள்ளைகள் ஒழுங்கற்ற இறந்தகாலம் நிறைந்த ஒரு மொழியை ஐந்து வயதுக்குள் கற்று முடித்தவர்கள். இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்லலாம். தமிழில் போனேன், போனாய், போனான், போனாள், போனார், போனது, போனார்கள் என்று ஆளுக்கொரு வடிவம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'வென்ட்'. 'வாஸ், வேர்' தவிர இறந்தகாலத்தில் ஆள் பார்த்து மாறும் வினை ஆங்கிலத்தில் கிடையாது. இந்த ஒரு செய்தியே பல பிள்ளைகளுக்குத் தெம்பு தரும்.

ஒழுங்கற்ற வினைகளை எப்படித் தருவது? அகரவரிசையில் நூறு வினைகளை ஒட்டும் சுவரொட்டி எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அது பார்த்துக்கொள்ளப் பயன்படும், கற்றுக்கொள்ள உதவாது. ஓசையால் சேர்த்துத் தாருங்கள். 'கீப், கெப்ட். ஸ்லீப், ஸ்லெப்ட். ஸ்வீப், ஸ்வெப்ட்' ஒரு கூட்டம். 'சிங், சாங். ரிங், ராங். டிரிங்க், டிராங்க்' இன்னொரு கூட்டம். 'பை, பாட். பிரிங், பிராட். திங்க், தாட்' மூன்றாவது. 'கட், புட், ஹிட்' மாறாத கூட்டம். 'தின்றான், வென்றான், கொன்றான்' என்பது நம் காதில் எப்படி ஓர் இனமாகச் சேர்கிறதோ அதேபோல இவையும் சேரும்.

எவற்றை முதலில் தருவது என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டு அவை என்ன ஆயின என்று பார்த்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 ஒழுங்கற்றவையாக நின்றன. இன்று 98 மட்டும் அப்படி நிற்கின்றன. மற்றவை 'எட்' சேர்க்கும் பொது வழிக்கு வந்துவிட்டன. 'ஹெல்ப்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்று இறந்தகாலம் இருந்தது. இன்று 'ஹெல்ப்ட்'. அதிகம் புழங்கும் சொல் மாறாமல் நிற்கிறது, அரிதாகப் புழங்கும் சொல் பொது வழிக்குப் போய்விடுகிறது என்பதே அவர்கள் கண்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? 'பீ, ஹேவ், டூ, கோ, சே, சீ, டேக், கெட், கம், ஈட்' போன்ற அன்றாட வினைகள் எல்லாமே ஒழுங்கற்றவை. இவை இல்லாமல் ஒரு பிள்ளை நேற்று நடந்ததை மூன்று வாக்கியம்கூடச் சொல்ல முடியாது. எனவே அன்றாடம் தேவைப்படும் இருபத்தைந்து, முப்பது வினைகளை முதலில் வாயில் பழக்குவோம். 'ஸ்லே, ஸ்லூ, ஸ்லெயின்' எல்லாம் பிறகு வரட்டும்.

'எட்' எழுதுவது ஒன்று, சொல்வது மூன்று

இது முக்கியமாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு. 'எட்' என்று எழுதினாலும் அதன் ஒலி மூன்று விதம். 'வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட்' இவற்றில் கடைசி ஒலி 'டீ' குடிப்பதில் வரும் ட். 'பிளேட், ஓபன்ட், லிவ்ட்' இவற்றில் 'டால்டா'வின் முதல் எழுத்துப் போன்ற மெலிந்த ட். 'வான்டட், நீடட்' போல மூலச்சொல்லே இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும் ஓர் அசை கூடும்.

நம் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள். அதனால் எல்லாவற்றையும் 'வாக்கெட், குக்கெட், ஹெல்ப்பெட்' என்று ஓர் அசை கூட்டிச் சொல்கிறார்கள். கைதட்டச் சொல்லுங்கள். 'வாக்' ஒரு தட்டு, 'வாக்ட்' அதுவும் ஒரே தட்டு. 'வான்ட்' ஒரு தட்டு, 'வான்டட்' இரண்டு தட்டு. ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் போதும். பிறகு வாசிக்கும்போது தாமாகவே திருத்திக்கொள்வார்கள்.

ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலத்திலேயே இல்லாத சொற்களை உருவாக்கி, படம் காட்டி, சின்னப் பிள்ளைகளிடம் 'இவன் ரிக் செய்யத் தெரிந்தவன், நேற்று இவன் என்ன செய்தான்?' என்ற மாதிரிக் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் 'ரிக்ட்' என்றார்கள். கேட்டே இராத சொல்லுக்கு இறந்தகாலம் சொன்னார்கள் என்றால், மனப்பாடம் செய்த சொற்களோடு நிற்காமல் விதியையே மனதில் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். அசை கூடும் வகையில்தான் அந்தப் பிள்ளைகள் அதிகம் தடுமாறினார்கள். நம் பிள்ளைகளோ அசை கூடாத வகையில் தடுமாறுகிறார்கள். அவர்கள் காதால் கற்றவர்கள், நம் பிள்ளைகள் கண்ணால் கற்றவர்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'ஐ பைட் எ பென்' என்றோ 'ஐ கோட்' என்றோ சொன்னால் சிரிக்க வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளைகளும் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். 'ஓ, யூ பாட் எ பென்! வேர் டிட் யூ பை இட்?' என்று சரியான வடிவத்தை நம் பேச்சில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

'போனவில்லை' என்று யாராவது சொல்வோமா?

இப்போது முதல் பிழைக்கு வருவோம். 'ஐ டிட் நாட் வென்ட்.'

'டிட் வந்தால் வி-ஒன் போட வேண்டும்' என்று விதி சொல்கிறோம். விதி சரி. ஆனால் ஏன் என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. தமிழில் கேளுங்கள். 'நான் நேற்றுப் பள்ளிக்குப் போனேன்.' இதை எதிர்மறையாக்கு. 'நான் நேற்றுப் பள்ளிக்குப் போகவில்லை.' இப்போது கேளுங்கள்: போனேனில் இருந்த அந்த 'போன' எங்கே? 'போனவில்லை' என்று யாராவது சொல்வோமா?

வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் விதி புரிந்துவிடும். தமிழில் எதிர்மறை வரும்போது வினை தன் இறந்தகால உருவை விட்டுவிட்டு 'போக' என்று நின்றுவிடுகிறது. எதிர்மறையை 'இல்லை' சுமக்கிறது. ஆங்கிலத்திலும் வினை 'கோ' என்று நின்றுவிடுகிறது. காலத்தை 'டிட்' சுமக்கிறது, மறுப்பை 'நாட்' சுமக்கிறது. 'டிட் நாட் வென்ட்' என்பது ஆங்கிலத்தின் 'போனவில்லை'. இதை ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு நோட்டில் அந்தப் பிழை வரும்போது பக்கத்தில் 'போனவில்லை?' என்று எழுதினாலே போதும், பிள்ளை திருத்திக்கொள்ளும்.

ராஜபாளையம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வழி பொருந்தும். 'போலேது' என்று சொல்லும்போது அங்கேயும் வினை இறந்தகால உருவில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கேள்வி வாக்கியத்தில் இந்த உதவி கிடைக்காது. 'நீ போனாயா?' என்று தமிழில் கேட்கும்போது இறந்தகாலம் வினையிலேயே இருக்கிறது. அதனால்தான் 'டிட் யூ வென்ட்?' என்ற பிழை இன்னும் பிடிவாதமானது. இரண்டையும் ஒரே நாளில் நடத்த வேண்டாம். எதிர்மறையை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, 'டிட் வந்தால் காலம் அதனிடம் போய்விட்டது' என்று தெளிந்த பிறகு கேள்விக்குப் போகலாம்.

'நேற்று ராஜபாளையம் போயிருந்தேன்'

இரண்டாவது பிழைதான் மிகப் பரவலானது. பிள்ளைகள் மட்டும் என்றில்லை, அலுவலகக் கடிதங்களிலும் விழா அறிக்கைகளிலும்கூடத் தேவையில்லாத 'ஹேட்' நிறையக் கிடக்கிறது.

காரணம் நம் பேச்சில் இருக்கிறது. 'நேற்று ராஜபாளையம் போயிருந்தேன்' என்று சொல்கிறோம். வெறும் 'போனேன்' என்பதைவிட இது நமக்கு இயல்பு. போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன், அங்கே நடந்ததை இனிச் சொல்லப் போகிறேன் என்ற குறிப்பு அந்த 'இருந்தேன்' என்பதில் இருக்கிறது. ஒரு கதைக்குக் களம் போடுகிறோம். பிள்ளை 'போயிருந்தேன்' என்பதற்கு நேரான வடிவத்தைத் தேடுகிறது. 'ஹேட் கான்' கிடைக்கிறது. எழுதிவிடுகிறது.

ஆங்கில 'ஹேட் கான்' களம் போடுவதற்கு உரியது இல்லை. இறந்தகாலத்தில் ஒரு நிகழ்ச்சி நிற்கும்போது, அதற்கும் முன்பே முடிந்துவிட்ட இன்னொன்றைச் சொல்ல அது வருகிறது. இரண்டு நிகழ்ச்சிகள் வேண்டும், இரண்டில் எது முந்தியது என்பது முக்கியமாக இருக்க வேண்டும்.

நம் பிளவக்கல் அணையையே எடுத்துக்கொள்வோம். பெரியாறு அணை, கோவிலாறு அணை இரண்டையும் பார்க்காத பிள்ளை நம் பகுதியில் இருக்காது. இந்த இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

'வென் வி ரீச்ட் தி டேம், தே ஓபன்ட் தி ஷட்டர்ஸ்.'

'வென் வி ரீச்ட் தி டேம், தே ஹேட் ஓபன்ட் தி ஷட்டர்ஸ்.'

முதல் வாக்கியத்தில் நாம் போய்ச் சேர்ந்ததும் மதகைத் திறக்கிறார்கள். நாம் அதைப் பார்க்கிறோம். இரண்டாவதில் நாம் போவதற்குள் திறந்துவிட்டார்கள். திறந்ததை நாம் பார்க்கவில்லை. ஒரு 'ஹேட்' வந்ததும் பார்த்தோமா இல்லையா என்பதே மாறிப்போகிறது. இதை வகுப்பில் நடித்தே காட்டலாம். ஒரு மாணவர் கதவைத் திறப்பவர், ஒருவர் வந்து சேர்பவர். எது முதலில் நடக்கிறது என்று மற்றவர்கள் வாக்கியம் சொல்லட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை கொடுக்கலாம். மனதில் உள்ள தமிழ் வாக்கியத்தில் 'அதற்கு முன்பே' என்பதைச் சேர்த்துப் பார். பொருந்தினால் 'ஹேட்' போடு. 'நாங்கள் போனபோது, அதற்கு முன்பே மதகைத் திறந்திருந்தார்கள்.' பொருந்துகிறது. 'நேற்று, அதற்கு முன்பே ராஜபாளையம் போயிருந்தேன்.' எதற்கு முன்பே? விடை இல்லை. எனவே 'ஐ வென்ட்' போதும்.

'பார்த்திருக்கிறேன்', 'பார்த்தேன்'

மூன்றாவது பிழை. 'ஐ ஹேவ் சீன் அன் எலிஃபன்ட் லாஸ்ட் வீக்.'

'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' இறந்தகாலப் பாடம் ஆகுமா என்று கேட்கலாம். பெயர் நிகழ்காலம்தான். ஆனால் பிள்ளை அதைக் குழப்பிக்கொள்வது 'சிம்பிள் பாஸ்ட்' உடன்தான். எனவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே நடத்த வேண்டும்.

தமிழில் 'நேற்றே சொல்லியிருக்கிறேன்', 'போன மாதம் வந்திருக்கிறார்' என்று முடிந்துபோன நேரத்தையும் 'இருக்கிறேன்' வடிவத்தையும் சேர்த்துச் சொல்ல முடியும். ஆங்கிலத்தில் முடியாது. 'யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2021' என்று முடிந்த நேரம் ஒன்று வாக்கியத்தில் வந்துவிட்டால் 'ஹேவ்' வெளியே போய்விட வேண்டும்.

மலையடிவாரத் தோப்புகளுக்கு யானை வருவது நம் பிள்ளைகளுக்குப் புதிது கிடையாது. 'நீ யானையைப் பார்த்திருக்கிறாயா?' என்று கேட்டால் 'யெஸ், ஐ ஹேவ் சீன் அன் எலிஃபன்ட்.' இது அனுபவம், எப்போது என்பது பேச்சில் இல்லை. 'எப்போது பார்த்தாய்?' என்று கேட்ட உடனே 'ஐ சா இட் லாஸ்ட் வீக்.' இந்த இரண்டு கேள்விகளையும் இணையாகப் பழக்குங்கள். 'ஹேவ் யூ எவர்' என்று தொடங்கும் கேள்வி ஒன்று, 'வென் டிட் யூ' என்று தொடங்கும் கேள்வி அடுத்து. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்கட்டும். 'எப்போது' என்ற கேள்விக்கு வாக்கியத்திலேயே விடை இருந்தால் 'சிம்பிள் பாஸ்ட்' என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும்கூட ஒன்றுபோல இல்லை. 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்பதற்கு இங்கிலாந்தில் 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்' என்பார்கள். அமெரிக்காவில் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்பதும் இயல்பு. திரைப்படத்திலோ யூடியூபிலோ கேட்டுவிட்டு மாணவர் கேட்டால், 'அதுவும் ஒரு வழக்கு' என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'லாஸ்ட் வீக்' உடன் 'ஹேவ்' சேர்ப்பது மட்டும் இரண்டு நாட்டு வழக்கிலும் இல்லை.

தாத்தா பாட்டியின் 'வில்'

நான்காவது பிழை எனக்கு மிகவும் பிடித்தது. 'வென் ஐ வாஸ் ஸ்மால், ஐ வில் கோ டு தி டேம் எவ்ரி சண்டே.' சின்ன வயதைச் சொல்லும்போது எதிர்காலம் எப்படி வந்தது?

தமிழில் அப்படித்தான் வரும். 'சின்ன வயதில் ஞாயிறுதோறும் அணைக்குப் போவேன்.' இதில் 'போவேன்' வடிவத்தில் எதிர்காலம், பொருளில் இறந்தகால வழக்கம். பழைய நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேளுங்கள். 'கமலையில் தண்ணீர் இறைப்போம். வண்டி கட்டிக்கொண்டு ஆண்டாள் தேருக்குப் போவோம். ராத்திரி அங்கேயே தங்குவோம்.' எல்லாமே 'வோம், போம்' தான். கேட்பவர் யாரும் இது நாளைக்கு நடக்கப்போவது என்று நினைப்பதில்லை.

எனவே 'வில்' எழுதிய பிள்ளை தமிழைச் சரியாகத்தான் பெயர்த்திருக்கிறது. 'வில்' என்பதற்கே 'வுட்' என்று ஓர் இறந்தகால வடிவம் ஆங்கிலத்தில் உண்டு. 'வென் ஐ வாஸ் ஸ்மால், ஐ வுட் கோ டு தி டேம் எவ்ரி சண்டே.' ஒரு சொல் திருத்தமே நல்ல ஆங்கில வாக்கியத்தைத் தந்துவிடுகிறது. 'யூஸ்ட் டு கோ' என்றும் சொல்லலாம். செயலுக்கு இரண்டும் பொருந்தும். நிலையைச் சொல்லும் 'லிவ், ஹேவ், நோ' போன்றவற்றுக்கு 'யூஸ்ட் டு' மட்டும்: 'வி யூஸ்ட் டு லிவ் இன் வத்திராயிருப்பு.'

இதற்கு ஒரு செயல்பாடு. ஏழாம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்களை வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: 'அணை வருவதற்கு முன்னால் நம் ஊரில் விவசாயம் எப்படி இருந்தது?' பதிலைத் தமிழிலேயே, அவர்கள் சொன்னபடியே எழுதி வரட்டும். அதில் 'வேன், வோம், வார்கள்' என்று முடியும் வினைகளை அடிக்கோடிடட்டும். பிறகு வகுப்பில் அவற்றில் மூன்றை மட்டும் 'வுட்' அல்லது 'யூஸ்ட் டு' போட்டு ஆங்கிலத்தில் எழுதட்டும். ஊர் வரலாறும் கிடைக்கும், இலக்கணமும் கிடைக்கும். பாட்டி சொன்னது பள்ளியில் ஆங்கில வாக்கியமாகிறது என்ற மகிழ்ச்சியும் பிள்ளைக்கு உண்டு.

உதவியாக நிற்கும் ஓர் இடம்

எல்லா இடத்திலும் விலகல் என்று நினைக்க வேண்டாம். 'கொண்டிருந்தது' என்ற வடிவமும் 'பாஸ்ட் கன்டினியூவஸ்' உம் பெரும்பாலும் ஒத்துப்போகும். 'தேர் நகர்ந்துகொண்டிருந்தபோது மழை வந்தது.' 'தி சேரியட் வாஸ் மூவிங் வென் தி ரெயின் கேம்.' நீண்ட செயலுக்கு 'வாஸ் மூவிங்', இடையில் வந்த செயலுக்கு 'கேம்'. இதைத் தமிழ் வழியே பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். 'சைக்கிள் வைத்துக்கொண்டிருந்தேன்' என்பது 'ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்' ஆகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைமைக்கு 'ஐ ஹேட் எ சைக்கிள்' போதும்.

வகுப்பில் தமிழ் பேசலாமா?

'ஆங்கிலப் பாடவேளையில் இவ்வளவு தமிழா?' என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் காதில் விழும் ஒரே இடம் நம் வகுப்பறைதான். அந்த நேரத்தையும் தமிழ் விளக்கத்தில் கரைத்துவிடக் கூடாது.

நான் சொல்வது ஒரு பாடவேளையில் இரண்டு மூன்று நிமிடம். 'போனவில்லை' என்று ஒருமுறை சிரித்தால் முடிந்தது. அதன்பிறகு முப்பது நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசிப் பழகலாம். புரியாமல் நூறு முறை பயிற்சி செய்வதைவிட, புரிந்து இருபது முறை பயிற்சி செய்வது மேல்.

பயிற்சிக்கு ஓர் எளிய வழி 'நேற்று' நேரம். ஆங்கிலப் பாடவேளையின் தொடக்கத்தில் நாளுக்கு மூன்று மாணவர்கள். ஒவ்வொருவரும் நேற்று செய்ததை இரண்டு வாக்கியத்தில், செய்யாததை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'ஐ ஏட் தோசை. ஐ பிளேட் கபடி. ஐ டிட் நாட் வாட்ச் டிவி.' கேட்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி: 'வேர் டிட் யூ பிளே?' தொடக்கப் பள்ளியில் படம் பார்த்துச் சொல்லலாம். உயர்நிலையில் செய்தித்தாளில் இருந்து ஒரு செய்தியைச் சொல்லலாம். மாத இறுதிக்குள் வகுப்பில் எல்லோரும் ஒருமுறையாவது பேசியிருப்பார்கள்.

நோட்டுத் திருத்தும்போது எல்லாவற்றையும் சிவப்பாக்க வேண்டாம். இந்த வாரம் 'டிட்' என்றால் 'டிட்' மட்டும். அடுத்த வாரம் தேவையற்ற 'ஹேட்'. பக்கம் முழுக்கச் சிவப்பைப் பார்க்கும் பிள்ளை அடுத்த முறை மூன்று வாக்கியத்துக்குப் பதில் ஒன்றுதான் எழுதும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிச் சுருங்கினால், 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று நேர்காணலில் கேட்கும்போது அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வாழ்க்கை இருக்கும், வாக்கியம் இருக்காது. தான் எங்கே பிறந்தோம், எங்கே படித்தோம், என்ன செய்தோம் என்பதெல்லாம் இறந்தகாலத்தில்தானே சொல்ல வேண்டும்? மில் வேலைக்கோ கல்லூரிக்கோ சென்னைக்கோ போகும் நம் பிள்ளை தன் கதையைத் தானே சொல்ல முடிகிறதா என்பதுதான் இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணுக்கு மேல் உள்ள கேள்வி.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வகுப்பு நோட்டுகளில் இருந்து ஐந்து இறந்தகாலப் பிழைகளை எழுதி வாருங்கள். மாணவர் பெயர் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்தப் பிள்ளையின் மனதில் இருந்திருக்கக்கூடிய தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள். தொடக்கப் பள்ளிப் பட்டியலையும் உயர்நிலைப் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். எந்தப் பிழை நான்காம் வகுப்பில் பிறந்து பத்தாம் வகுப்பு வரை வருகிறது, அதை எந்த வகுப்பில் நிறுத்தலாம் என்று நாமே முடிவு செய்யலாம்.